பங்க் ராக் கச்சேரியை நேரில் கேட்டவர்கள் டெல்டாவில் உண்டா?

ஜனவரி 9 – மன்னார்குடி வாசகர் ஒருவரின் கேள்வி

என் மகன் பங்க் ராக், கராஜ் ராக் என்று எதையோ நாள் முழுக்க போனில் ஓடவிடுகிறான். நானும் பொறுமையாக உட்கார்ந்து கேட்டேன். கிடாரில் மூன்றே கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிப்பது), ஒரே வேகம், பாடுகிறவர் கத்துகிறார், ஒரு வார்த்தை விளங்கவில்லை. ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசித்த மண்ணில் வளர்ந்த காதுக்கு இது எப்படி இசையாகும்? வாசிக்கத் தெரியாதவர்கள் வாசிப்பது என்றுதான் எனக்குப் படுகிறது. நேரில் கேட்டால் புரியும் என்கிறான். நேரில் கேட்டவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

உங்கள் மகன் சொல்வது சரி. இதை நேரில்தான் கேட்க வேண்டும், அதுவும் சின்ன இடத்தில்.

எனக்கு வலங்கைமான் பக்கம். சிங்கப்பூரில் ஷிப்யார்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் நம் ஆட்கள் எல்லோரும் லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவுக்குப் போவார்கள், நானும் போவேன். கூட வேலை பார்த்த மலாய் நண்பர் ஒருவர்தான் ஒரு நாள் சாயங்காலம் என்னை ஆர்மீனியன் தெருவுக்குக் கூட்டிப்போனார். சப்ஸ்டேஷன் என்று ஓர் இடம். குவோ பாவ் குன் என்ற நாடகக்காரர் 1990-இல் தொடங்கியது. பெயரைக் கேட்டதும் எனக்கு டிரான்ஸ்ஃபார்மர்தான் ஞாபகம் வந்தது. உள்ளே போனால் அது உண்மையிலேயே பழைய மின் துணைநிலையம் இருந்த கட்டடம்தான்.

உள்ளே கூட்டம் தோளோடு தோள். டிரம்மர் குச்சியைத் தட்டி எண்ணி முடிப்பதற்குள் மூன்று பேரும் பாய்ந்துவிட்டார்கள். எனக்கு முதலில் கேட்டது காதில் இல்லை, வயிற்றில். காலடியில் கிடக்கும் பெரிய டிரம் அடிக்க அடிக்க என் பேன்ட் துணி ஆடியது. பாட்டு என்ன என்று யோசிப்பதற்குள் அது முடிந்து அடுத்தது ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது சட்டையைப் பிழியலாம் போல இருந்தது. வாரம் முழுக்க உடம்பில் இருந்த அலுப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் விடவேயில்லை.

ஜனவரி 10

போனில் கேட்டால் ஏன் தட்டையாக இருக்கிறது என்று நீடாமங்கலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சின்ன அறையில் டிரம்ஸுக்கு வால்யூம் குமிழ் கிடையாது. அடித்தால் அடித்ததுதான். அதற்கு ஈடாகக் கிடார்காரர் தன் ஆம்பை, அதாவது கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியை, ஏற்றுகிறார். பழைய வால்வு ஆம்புகளை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் அவற்றால் அலையை முழுதாகக் கொடுக்க முடியாது. உச்சி வெட்டுப்பட்டுச் சத்தம் கரகரப்பாகும். அந்தக் கரகரப்புதான் இந்த இசையின் குரல். அப்புறம் பாடுகிறவர். அவர் ஒருவர் மட்டும்தான் மைக் செட் ஸ்பீக்கர் வழியாக வருகிறார். ஏற்றினால் மைக் கூவும், ஏற்றாவிட்டால் டிரம்மில் முழுகிவிடுவார். அதனால் கத்துகிறார். கத்தாமல் அங்கே எவராலும் பாட முடியாது.

ரெக்கார்டில் இதையெல்லாம் பிரித்து எடுத்து, குரலை மேலே தூக்கி, டிரம்மைச் சின்னதாக்கி, சத்தமான இடத்தையும் சத்தமில்லாத இடத்தையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கிவிடுகிறார்கள். அதைப் போனின் கைக்கடங்கிய ஸ்பீக்கரில் கேட்டால் கத்தல் மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் கத்தலுக்கான காரணம் வெட்டுப்பட்டுப் போய்விட்டது.

வார்த்தை விளங்கவில்லை என்ற புகார் ரொம்பப் பழையது. 1963-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் கிங்ஸ்மென் என்ற பையன்கள் 'லூயி லூயி' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். மேலே தொங்கவிட்ட மைக்கை அண்ணாந்து பார்த்துக் கத்திப் பாடினார் பாடகர். ஒரு வார்த்தையும் தெளிவில்லை. ஆபாசமாகத்தான் இருக்கும் என்று பெற்றோர்கள் புகார் எழுத, எஃப்.பி.ஐ. அந்த ரெக்கார்டை வேகம் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டது. கடைசியில் எந்த வேகத்திலும் புரியவில்லை என்று முடித்துக்கொண்டார்கள். கராஜ் ராக் என்றால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பாட்டுதான். வீட்டுக் கார் ஷெட்டில் பையன்கள் கூடி வாசித்துப் பழகியதால் வந்த பெயர் அது.

ஜனவரி 10, ராத்திரி

மூன்று கார்டு பற்றி. நியூயார்க்கின் ரமோன்ஸ் என்ற பங்க் குழு 1976-இல் போட்ட முதல் ஆல்பத்தில் 14 பாட்டு. மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மேடையில் பாட்டுக்குப் பாட்டு பேச்சில்லை, நன்றி வணக்கம் இல்லை, ஒன் டூ த்ரீ ஃபோர் என்று எண்ணி அடுத்ததுக்குத் தாவுவார்கள். இப்படியே 2,263 கச்சேரி செய்தார்கள்.

ஜனவரி 12

"வாசிக்கத் தெரியாதவர்கள்" என்பதை விட மனசில்லை.

ரமோன்ஸின் கிடார்காரர் ஜானி, கையைக் கீழ்நோக்கி மட்டுமே அடிப்பார். மேலும் கீழுமாக அடித்தால் பாதி உழைப்பு மிச்சம். ஆனால் ஒவ்வோர் அடியும் ஒரே கனத்தில் விழாது. அந்த வேகத்தில், கீழ்நோக்கி மட்டும், ஒரு கச்சேரி முழுக்க. கிடார் வைத்திருக்கிற யாராவது ஐந்து நிமிடம் முயன்று பாருங்கள், முன்கை கட்டிக்கொள்ளும்.

அதேசமயம் நிஜமாகவே வாசிக்கத் தெரியாமல் தொடங்கியவர்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1976 ஜூன் 4, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் கச்சேரி. வந்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் நின்ற பீட்டர் ஹுக் மறுநாளே போய் ஒரு பேஸ் கிடார் வாங்கினார். அவரும் அன்றைக்குக் கூட வந்திருந்த பெர்னார்ட் சம்னரும் சேர்ந்து தொடங்கியதுதான் பின்னால் ஜாய் டிவிஷன் என்ற குழு ஆனது. கச்சேரி கேட்டவன் "ஆஹா" என்று வீட்டுக்குப் போகாமல் "நானும்" என்று கிளம்பினான். இந்த இசையில் நான் உயிராக மதிப்பது இதைத்தான்.

ஜனவரி 13

கும்பகோணம் நண்பர் "இது நம்ம தவில்தானே அண்ணே" என்று எழுதியிருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன்.

சாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கும்போது தவிலுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். வலது கை விரல்களில் போட்டிருக்கும் கூடு தோலில் விழும்போது நெஞ்சுக்கூட்டில் அடிக்கும். மைக் கிடையாது, நடுவில் திரை கிடையாது, நாமும் அவர்களோடு நடக்கிறோம். அந்த நெருக்கத்துக்குப் பழகிய உடம்புதான் என்னுடையது. ஆர்மீனியன் தெருவில் நான் மிரளாமல் நின்றதற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன். மன்னார்குடி அண்ணன் தோடியைச் சொன்னார். அதே கச்சேரியில் பக்கத்தில் நின்ற தவிலையும் அவர் நினைத்துப்பார்க்க வேண்டும்.

ஆனால் தவில்காரர் சின்ன வயதில் குருவிடம் போய்ச் சேர்ந்து, வருடக்கணக்கில் சாதகம் செய்து வருகிறவர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தாளக் கணக்கை ஒரு வாரத்தில் எவனும் கற்க முடியாது. பங்க் அப்படி எதையும் கேட்பதில்லை. இரண்டையும் ஒன்று என்றால் இரண்டுக்கும் மரியாதை இல்லை.

ஜனவரி 16

எங்கள் பக்கத்து ஊரில் பொங்கலுக்கு ஆர்கெஸ்ட்ரா. போயிருந்தேன், நன்றாகப் பாடினார்கள். ஆனால் உட்காரும் முறையைப் பாருங்கள். முதல் வரிசையில் சோபா, அது பிரமுகர்களுக்கு. அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலி. அதற்குப் பின்னால் பாய். கடைசியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். எந்தத் தெருக்காரர்கள் அந்தக் கடைசியில் நின்றார்கள் என்று டெல்டாவில் பிறந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நாலு பாட்டுக்கு ஒரு முறை நிறுத்தி, ஒருவருக்குப் பொன்னாடை, இன்னொருவருக்கு நன்றி. சூடேறின கூட்டம் ஆறிப்போய்விடும்.

நான் பார்த்த பங்க் கச்சேரிகளில் சோபா இல்லை. முன்னால் நிற்க விரும்பினால் முன்னால் போய் நிற்கலாம். ஷிப்யார்டு ஓவர்ஆலோடு வந்த பங்களாதேஷ்காரரும் காலேஜ் பையனும் பக்கத்தில் பக்கத்தில். வாசித்து முடித்தவர் இறங்கி வந்து அடுத்த குழுவுக்காகக் கூட்டத்தில் நிற்பார். அவர் தோளிலிருந்து வியர்வை நம் மேல் படும், யாரும் முகம் சுளிப்பதில்லை. எனக்கு இசையைவிட இது பெரிதாகப் பட்ட நாட்கள் உண்டு.

ஜனவரி 18

"அடிதடி நடக்குமாமே" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

மேடைக்கு முன்னால் ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சுற்றுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கைகலப்பு மாதிரிதான் தெரியும். உள்ளே ஒழுங்கு உண்டு. விழுந்தவரை உடனே தூக்கிவிட வேண்டும். கண்ணாடி, செருப்பு கிடைத்தால் உயரத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓரத்தில் நிற்பவரை உள்ளே இழுக்கக் கூடாது. நானே ஒரு தடவை வழுக்கி விழுந்து, தரையைத் தொடுவதற்குள் நாலு கை என்னைத் தூக்கி நிறுத்தியது. யார் கை என்று இன்றுவரை தெரியாது.

சிங்கப்பூரில் 1990களின் தொடக்கத்தில் இந்த ஆட்டத்துக்குத் தடையே இருந்தது. வாஷிங்டனின் ஃபுகாசி குழு வேறு வழி கண்டது. டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர், எல்லா வயதினரும் வரலாம். கூட்டத்தில் யாராவது அடுத்தவரை அடித்தால் பாட்டை நிறுத்திவிட்டு, அவருடைய 5 டாலரைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். நம் ஊர்க் கச்சேரிகளில் பவுன்சர் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் திடமான எண்ணம்.

ஜனவரி 19

காது. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம், பரவாயில்லை, இப்போது எழுதுகிறேன். ஷிப்யார்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு: 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். சின்ன அறைக் கச்சேரி அதைச் சுலபமாகத் தாண்டும். மெடிக்கலில் விற்கும் நுரை அடைப்பான் போதும். உருட்டி, காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, விரியும் வரை பிடிக்க வேண்டும். பஞ்சு வைத்தால் ஒரு பயனும் இல்லை. மன்னார்குடி அண்ணே, மகனுக்கு முதலில் இதை வாங்கிக் கொடுங்கள்.

ஜனவரி 24

"வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம் பக்கம் வந்ததே இல்லை" என்று பட்டுக்கோட்டை நண்பர் சொல்கிறார். வந்திருக்கிறது.

சிம்லா என்ற சிகரெட்டின் விளம்பரத்துக்காக 'சிம்லா பீட்' என்று அகில இந்தியப் போட்டி நடத்தினார்கள். நாட்டின் பல நகரங்களிலிருந்தும் பையன்கள் குழுவாகப் போய் வாசித்தார்கள். 1970, 71 இரண்டு வருடமும் தேர்ந்த பாட்டுகள் எல்பி ரெக்கார்டாக வந்தன. கேட்டுப் பாருங்கள். கரகரக்கும் கிடார், ஆர்கன், வேகம், அப்படியே கராஜ். சிகரெட் கம்பெனி காசில் வந்தது என்பது உறுத்தல்தான். ஆனாலும் அந்தப் பையன்கள் வாசித்தது பொய்யில்லை.

சிங்கப்பூர், மலாயாவில் இன்னும் முன்பே. 1960களில் குவெஸ்ட்ஸ் என்ற உள்ளூர்க் குழு கொடிகட்டிப் பறந்தது. மலாய் மொழியில் 'பாப் யே யே' என்று ஓர் அலையே எழும்பியது. நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போய் இறங்கிய ஊர்களில் அப்போது இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போதைய கதைக்கு வந்தால், சென்னையில் ஸ்க்ராட் என்ற குழுவின் கச்சேரி கிடைத்தால் விடாதீர்கள். கராஜ் ராக் நேரில் எப்படி இருக்கும் என்பதற்கு டிக்கெட் எடுத்து விமானம் ஏற வேண்டாம்.

ஆனால் எல்லா இடத்திலும் சுலபமாக விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா அச்சேயில் ஒரு பங்க் கச்சேரிக்கு வந்த அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் போலீஸ் பிடித்து, மொட்டையடித்து, குளத்தில் இறக்கினார்கள். 2015 ஆகஸ்ட் கடைசியில் கோலாலம்பூரின் அம்பாங்கில் ரூமா அப்பி என்ற பங்க் இல்லத்தில் கச்சேரி நடக்கும்போது போலீஸ் புகுந்து 150 பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போனது. என் மலாய் நண்பருக்கு அங்கே தெரிந்தவர்கள் இருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவர் போனை வைக்கவில்லை. மூன்று கார்டு வாசிப்பதற்கு இந்த விலை கொடுத்தவர்களைப் பார்த்துத் "தெரியாதவர்கள்" என்று என் வாயால் சொல்ல வராது.

ஜனவரி 25

தமிழில் பங்க் உண்டா என்ற கேள்விக்கு. அந்தப் பெயரில் தேடினால் அதிகம் அகப்படாது. ஆனால் 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் தடவை மேடை ஏறியது. கானா, பறை, ராப், ராக் எல்லாம் சேர்ந்த இசை, சாதிக்கு எதிரான பாட்டுகள். அதை ராக் என்று ஒதுக்கவும் முடியாது, கானா என்று ஒதுக்கவும் முடியாது. பங்க் என்று முத்திரை குத்த எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் கூட்டத்தின் கடைசியில் நிற்கவைக்கப்பட்டவர்களின் பறை அங்கே மேடையின் நடுவில் நின்றது. 16-ஆம் தேதி நான் எழுதிய சோபா வரிசையை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

பிப்ரவரி 1

நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் அறுவடை முடிந்த பிறகு, ஓட்டம் நின்றுபோன ஒரு ரைஸ் மில்லில் நாங்கள் ஒரு கச்சேரி வைத்தோம். நான் வாசிக்கவில்லை, வயரிங் என் பொறுப்பு. திருச்சியில் படிக்கிற பையன்கள் இரண்டு குழு. நம் பக்கம் யார் வீட்டிலும் கார் ஷெட் இல்லை, ஆனால் மூடிக்கிடக்கிற மில் எத்தனை இருக்கிறது!

டிரம்ஸ் செட் ஓர் ஆர்கெஸ்ட்ராக்காரரிடம் வாடகைக்கு எடுத்தோம். சிமெண்ட் தரையில் பெரிய டிரம் அடிக்க அடிக்க முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கீழே ஜமுக்காளம் விரித்து, முன்னால் ஒரு நெல் மூட்டையைப் போட்டோம். அசையவில்லை. மூட்டை கொடுத்த பெரியவர் கச்சேரி முடியும் வரை அந்த மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றார். முடிந்ததும், "நெல்லு நல்லா காஞ்சிருச்சு தம்பி, இந்த ஆட்டத்துல உமியே கழண்டிருக்கும்" என்றார்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணன் பழக்கத்தில் குரலுக்கு எக்கோ வைத்துவிட்டார். தகரக் கூரையே போதுமான எக்கோ கொடுக்கும், எடுங்கள் என்று சொன்னேன். எக்கோ இல்லாமல் பாட்டு எப்படி எடுபடும் என்று அவருக்கு உண்மையிலேயே கவலை. முதல் பாட்டு தொடங்கியதும் ஒன்றும் சொல்லாமல் அவராகவே எடுத்துவிட்டார். தகரம் அதிர்ந்து மேலிருந்து பல வருடத் தவிட்டுத் தூசி எல்லோர் தலையிலும் கொட்டியது. அதற்குள் முன்னால் நின்றவர்கள் குதிக்கத் தொடங்கிவிட்டார்கள். மாடு கட்டிவிட்டு வந்தவர்கள், டியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள், ஓரத்தில் நின்ற அம்மாக்கள். பாட்டு ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது குழு ஏறும்போது, பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்து, "அண்ணே, இது கத்துக்க எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டான். அதற்காகத்தான் நான் அவ்வளவு வயரையும் இழுத்தேன்.

பிப்ரவரி 3

மயிலாடுதுறையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: "நாங்கள் வந்தால் ஓரத்தில்தான் நிற்க வேண்டுமா?" வேண்டாம். 1990களில் அமெரிக்காவின் பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹானா மேடையிலிருந்து பெண்களை முன்னால் வரச் சொல்வார், ஆண்களைப் பின்னால் போகச் சொல்வார். பாட்டு வரிகளை அச்சடித்துப் பெண்களிடம் கொடுப்பார். மில் கச்சேரியில் அம்மாக்கள் ஓரத்தில் நின்றார்கள் என்று எழுதினேன் அல்லவா, அடுத்த தடவை மேடையிலிருந்தே அழைக்கச் சொல்லி இரண்டு குழுவிடமும் பேசிவிட்டேன். வாசிக்க ஆசை இருந்தால் அதையும் சொல்லுங்கள். டிரம்ஸுக்கு ஆள் தேவைதான், இரண்டு குழுவுக்கும் ஒரே டிரம்மர்.

பிப்ரவரி 4

ஒரத்தநாட்டுப் பையன்கள் தாங்களும் ஒரு கச்சேரி வைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். மனசு நிறைந்த சந்தோஷம். அதனால் இதைக் கண்டிப்பாகப் படியுங்கள்.

1972 மே 3, வேல்ஸின் ஸ்வான்சியில் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடார்காரர் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 1976-இல் யார்ட்பேர்ட்ஸ் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப் வீட்டில் எர்த் சரியில்லாத கிடாரை வாசிக்கும்போது ஷாக் அடித்து இறந்தார். கை கிடார்க் கம்பியில், உதடு மைக்கில். ஆம்பில் ஒரு கசிவு இருந்தால் மின்சாரம் போகும் வழி நம் உடம்புதான். வியர்வையில் நனைந்த உடம்பு வேறு.

நம் ஊர் மைக் செட்டில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னோடு சொருகுவது சர்வ சாதாரணம். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆம்ப், மைக் செட் எல்லாம் ஒரே ஃபேஸிலிருந்து, ஒரே எர்த்தோடு. மில்லில் மூன்று ஃபேஸ் இருக்கிறதே என்று பிரித்துக் கொடுத்து, இரண்டு கருவியிலும் கசிவு இருந்தால், அவற்றுக்கு நடுவில் 400 வோல்ட் வரை நிற்கும். கசிவு வந்தால் மின்சாரத்தைத் தானாக வெட்டிவிடும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. ஒன்று கண்டிப்பாக வேண்டும். அது அடிக்கடி விழுந்தால் அதைத் தாண்டி வயர் கொடுக்காமல், எங்கே கசிகிறது என்று தேடுங்கள். மைக்குக்கு நுரை உறை போடுங்கள். பாடுவதற்கு முன் டெஸ்டர் வைத்து மைக் வலையைத் தொட்டுப் பாருங்கள்.

தேதி முடிவானதும் இங்கே போடுங்கள். முதல் நாளே வந்து போர்டைப் பார்த்துத் தருகிறேன், பஸ் செலவுகூட வேண்டாம். மன்னார்குடி அண்ணே, ஒரத்தநாடு உங்களுக்குப் பக்கம்தான். மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், கிடார் ஆம்புக்கு நேர் எதிரில் நிற்காமல் டிரம்மர் பக்கமாக நில்லுங்கள்.